தலைவலியும் கழுத்துப் பயிற்சியும்

குழித்தறியில் குனிந்து நெய்யும் நெசவாளரும், மாமல்லபுரக் கரையோர வயல்களில் குனிந்து களையெடுக்கும் உழவரும் தலைவலிக்கு மாத்திரையையே நாடுகின்றனர். அங்கத்தினர்கள் முதலில் வலியின் காரணத்தை அறிதல் நலம்.

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னே சாயச் சாயப் பிடரித் தசைகளின் சுமை கூடுகிறது. கழுத்தின் மேல் நரம்புகள் மூன்றும் முகத்தின் உணர்வு நரம்பும் ஒரே இடத்தில் கூடுவதால், பிடரியில் பிறக்கும் வலி நெற்றியிலும் கண்ணின் பின்னும் தோன்றும்.

இவ்வகை வலிக்குப் பிஸியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சை நற்பயன் தரும். எளிய பயிற்சி ஒன்று: நிமிர்ந்தமர்ந்து, நேரே நோக்கி, மோவாயை மெல்லப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துக. இவ்வாறு 10 முறை செய்க. வலி மிகுந்தால் நிறுத்திவிடுக. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோள்களைச் சுழற்றுக.

ஒற்றைத் தலைவலி வேறு நோய். குமட்டலும் வெளிச்சம் பொறாமையும் அதனுடன் வரும். பயிற்சி அதனை அடியோடு நீக்காது. வேளைக்கு உணவு, போதிய நீர், உறக்கம் ஆகியவற்றோடு சேர்ந்தால் அடிக்கடி வருவது குறையலாம். மாதத்தில் 10, 15 நாட்கள் வலி மாத்திரை உண்டால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

திடீரென எழும் கடுவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவை கண்டால் பயிற்சியில் காலங்கடத்தாது, செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே செல்க.

தறியின் பழுதை அன்றே திருத்தும் நாம், தறியாளும் உடலைப் புறக்கணித்தல் முறையன்று. அடுத்த சங்கக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவரை அழைத்துப் பயிற்சிகளை நேரிற் கற்போமாக.