நிற்கத் தெரிந்த இயந்திரம்

அன்புள்ள தம்பி,

பண்ணை ஏலத்தில் பழைய விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்றை எடுத்திருப்பதாகவும், அதை ஃபோர்ஜிங் பிரஸ்ஸாக மாற்றப் போவதாகவும் எழுதியிருந்தாய். படத்தையும் பார்த்தேன். ஒன்டாரியோவின் பனிக்காலங்களுக்கு விறகு பிளந்தே சாயம் போன இயந்திரம். எஞ்சின், பம்பு, சிலிண்டர் மூன்றும் நன்றாக இருந்தால் எடுத்தது நல்ல சரக்குதான். ஆனால் வெல்டிங் தொடங்குமுன் இதைப் படித்துவிடு.

விறகு எதிர்க்கும் விதம் வேறு, இரும்பு எதிர்க்கும் விதம் வேறு. ஆப்பு கொஞ்சம் இறங்கியதும் கட்டை பிளந்து வழிவிடும். அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். காய்ச்சிய இரும்பு அப்படி வழிவிடாது. அமுக்கும் அச்சான டை தொட்ட நொடியே சூடு அதற்குள் இறங்கத் தொடங்கும். அமுக்க அமுக்க இரும்பு அகலும், ஆறும், இறுகும். அதனால் ஒவ்வோர் அமுக்கின் கடைசியிலும் சட்டத்தின் மேல் பெருஞ்சுமை ஏறும்.

அந்தச் சட்டத்தைப் பார். இயந்திரத்தை நிமிர்த்தி வைத்தால் அடித்தகடு ஐ-பீமின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சுமை பீமின் நடுவில் விழாமல் விலகி விழுவதால் பீம் வளைந்து வாய் திறக்கப் பார்க்கும். நான் முதன்முதலில் மாற்றிய இயந்திரத்தில் இதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் பில்லெட்டை, அதாவது காய்ச்சிய இரும்புக் கட்டியை, டையின் ஓரத்தில் வைத்து அமுக்கினேன். மேல் டை கோணிக்கொண்டது. சிவந்த இரும்பு இடுக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு என் தோளைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது. அதனால் சொல்கிறேன்: அதிலிருந்து ஹைட்ராலிக் பாகங்களை மட்டும் எடுத்துக்கொள். இருபுறமும் தூண் நிற்கும் எச் வடிவச் சட்டத்தைப் புதிதாகச் செய். மேல் டை ஆடாமல் இறங்க நல்ல வழித்தடம் வை. சுமை தாங்கும் வெல்டிங்கைத் தேர்ந்த வெல்டரிடம் கொடு. அதில் கூச்சம் வேண்டாம்.

டன் கணக்கை ஸ்டிக்கரில் படிக்காதே, நீயே போட்டுப் பார். 4 அங்குல சிலிண்டரின் பரப்பு சுமார் 12.6 சதுர அங்குலம். 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கிடைப்பது ஏறத்தாழ 37,700 பவுண்டு. 2000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன்னில் 19கூட இல்லை. அது போதும். கவலைப்பட வேண்டியது வேகத்தைப் பற்றி. இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலும் இரண்டு கட்ட பம்பு இருக்கும். 11 கேலன் பம்பு என்றால், எதிர்ப்பு இல்லாதவரை நிமிடத்துக்கு 11 கேலன் எண்ணெய் தள்ளும். அழுத்தம் ஏறியதும் 3 கேலன் அளவுக்குக் குறையும். அப்போது உன் சிலிண்டர் நொடிக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் நகரும். அந்த மெதுவான நொடிகளில்தான் இரும்பு ஆறுகிறது.

ஆகவே ஒரு நொடியைக்கூட வீணாக்காதே. விறகுக்கு 24 அங்குல ஓட்டம் வேண்டும். உனக்கு ஆறேழு அங்குலம் போதும். கீழ் டையை உயர்த்திக் கட்டு. இன்னொன்று, விறகு இயந்திரத்தின் வால்வில் பின்னுக்குத் தள்ளிய பிடி அப்படியே மாட்டிக்கொள்ளும். சிலிண்டர் முழுதும் ஏறிய பிறகே விடும். பிரஸ்ஸுக்கு அது ஆகாது. இருபுறமும் ஸ்பிரிங்கில் நடுவுக்குத் திரும்பும் வால்வைப் போட்டு, கால் மிதியோடு இணை. காலை எடுத்தால் எந்த இடமானாலும் அங்கேயே நிற்க வேண்டும். வேண்டிய கனத்துக்கு எஃகுத் துண்டுகளைத் தடையாக வைத்துக்கொள். டை அதற்குக் கீழே இறங்காது.

எண்ணெயை மறந்துவிடாதே. ஹைட்ராலிக் எண்ணெய் எரியக்கூடியது. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் புகைபோலச் சீறி வரும். பக்கத்தில் உலை இருந்தால் அது நெருப்புதான். தொட்டியையும் ஹோஸையும் உலையிலிருந்து தள்ளி வை, நடுவே தகடு மறைப்பு கட்டு, ஹோஸுக்குத் தீ தாங்கும் உறை போடு. கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட இல்லாமல் போகலாம். அப்படி நேர்ந்தால் வலிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போ. பெட்ரோல் எஞ்சினை மூடிய பட்டறைக்குள் ஓட்டாதே. மின் மோட்டாருக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

நீ ஆசைப்படும் டமாஸ்கஸ் வேலைக்கு வருகிறேன். 1095, 15என்20 எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, வெண்காரம் தூவி, வெளிர்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி டைக்கு நடுவே வைக்கிறாய். முதல் அமுக்கில் அடுக்குகளின் இடுக்கிலிருந்து உருகிய வெண்காரம் பக்கவாட்டில் பீச்சி அடிக்கும். அந்தக் கோட்டில் உன் கையோ முகமோ இருக்கக் கூடாது. முதல் அமுக்கு ஒட்டுவதற்கு மட்டுமே, மெலிய வைப்பதற்கு அல்ல. மென்மையாக அமுக்கி உடனே காலை எடு. சுத்தியல் அடியில் பெரும்பகுதி மேல்பரப்பிலேயே செலவாகிவிடும். பிரஸ்ஸின் அமுக்கு நடு அடுக்குவரை போகும். அதற்காகத்தானே இத்தனை பாடு.

முதல் நாள் உலையைப் பற்றவைக்காதே. பில்லெட் அளவுக்குப் பிளாஸ்டிசின் களிமண்ணைப் பிடித்து, நீளமான கட்டை ஒன்றால் தள்ளி டைக்கு நடுவில் வை. பாதி கனம் வந்ததும் நிறுத்து. மறுபடி கால் பங்கு அமுக்கி நிறுத்து. நினைத்த இடத்தில் உன் கால் நிற்கும்வரை இதையே செய். நூறு முறை அமுக்கி, நூறு முறையும் சரியாக நின்றால், மறுநாள் உலையைப் பற்றவை.

அன்புடன்,
உன் அண்ணன்