பெருங்கட்டை அறுக்கும் சங்கிலி வாளைத் தேரும் முறை

ஒரு தொழில் செவ்விதின் முடிதற்குச் செய்வோன், செய்பொருள், கருவி என்னும் மூன்றும் ஒன்றற்கொன்று இயைதல் வேண்டும். இயைந்தவழிக் கருவி செய்வோனுக்குத் துணையாம். இயையாவழி அதுவே அவனுக்குப் பகையாம். இவ்வுண்மைக்குச் சங்கிலி வாளினும் சிறந்த சான்று காண்டல் அரிது. 'செயின்சா' என்றும் 'மரம் அறுக்கும் மிஷின்' என்றும் நம் மக்கள் வழங்குவது இதனையே. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயலும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரணியத்தை அடுத்துக் கரை கடந்த கஜா புயலும் எண்ணிறந்த மரங்களை வேரொடு சாய்த்தன. இருவர் எதிரெதிர் நின்று இழுக்கும் ஈர்வாளால் நெடும்பொழுது உழைத்து அறுக்கவேண்டிய அடிமரத்தை, இக்கருவி சின்னேரத்தில் துண்டாக்கிவிடும். ஆதலின் விறகுத் தொட்டியிலும் தோப்பிலும் இன்று இதனை வாங்குவோர் பலராயினர். இரண்டடியும் அதனின் மிக்கதுமாகிய குறுக்களவுள்ள கட்டைகளை விறகாக்குதற்கு எத்தகைய வாள் ஏற்றதென்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இக்கருவியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். சங்கிலியிற் பல்லமைத்து அறுக்கும் முறை முதலில் மரத்திற்கு எழுந்ததன்று, மருத்துவத்திற்கு எழுந்தது. 1830-ஆம் ஆண்டளவில் ஜெர்மானியராகிய பெர்னார்டு ஹைனே என்பார் என்பு அறுக்கும் சங்கிலிக் கருவியொன்றை ஆக்கினார். அந்நாட்டவரே ஆகிய ஆண்டிரியாஸ் ஸ்டீல் என்பார் 1926-ஆம் ஆண்டில் மின்னாற்றலால் இயங்கும் மரவாளையும், 1929-ஆம் ஆண்டில் பெட்ரோலால் இயங்கும் வாளையும் செய்தார். அக்காலத்து வாட்கள் இருவர் தாங்கவேண்டிய பெருஞ்சுமையாயிருந்தன. அவற்றின் பற்களோ பழைய கைவாளின் பற்களைப் போன்று மரத்தைக் கீறிச் சென்றனவேயன்றிச் செதுக்கிச் சென்றனவல்ல. அமெரிக்க நாட்டு ஓரிகன் மாகாணத்தில் மரந்தொழில் செய்த ஜோசப் காக்ஸ் என்பார், 1946-ஆம் ஆண்டில், வண்டின் புழுவொன்று கட்டையைத் தின்று செல்வதைக் கூர்ந்து நோக்கினார். அப்புழு தன் வளைந்த இரு தாடைகளால் இடமும் வலமும் மாறிமாறிச் செதுக்கி எளிதில் வழிசெய்து போவதைக் கண்டு, அவ்வாறே வளைந்த பற்களை இடமும் வலமுமாக அமைத்துப் புதிய சங்கிலியொன்றை ஆக்கினார். இன்று நாம் காணும் சங்கிலி அதன் வழிவந்ததே. இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு: மரத்தை அறுப்பது பல், பொறி அப்பல்லை இழுப்பது மட்டுமே. இதனை மறந்து பொறியின் பருமை ஒன்றையே நோக்குவோர் தேர்வில் தவறுவர்.

இனித் தேரும் முறைக்கு வருவாம். திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் உளது. செய்யப்புகும் தொழிலின் வலி, தன்னுடைய வலி, எதிர்நிற்போன் வலி, துணையாவாரின் வலி என்னும் நான்கினையும் சீர்தூக்குமாறு அது பணிக்கின்றது. அரசர்க்குக் கூறிய அந்நான்கும் விறகு அறுப்போனுக்கும் பொருந்துமாறு காண்க.

முதலாவது தொழிலின் வலி. கட்டையின் சுற்றளவை நூலால் அளந்து 3.14-ஆல் வகுப்பின் குறுக்களவு புலனாகும். சுற்றளவு 75 அங்குலமாயின் குறுக்களவு ஏறக்குறைய 24 அங்குலமாம். 12 அங்குலக் கட்டையின் வெட்டுமுகம் 113 சதுர அங்குலம். 24 அங்குலக் கட்டையினதோ 452 சதுர அங்குலம். குறுக்களவு இருமடங்காயின் வேலை நான்மடங்காகின்றது என்பதை இதனால் அறிக. சங்கிலி ஓடும் நீண்ட இரும்புத் தகட்டை அலகு என்போம். தொழிலாளர் 'பார்' என்பர். ஒரே அறுப்பில் கட்டையைத் துணிக்க வேண்டின், அலகு குறுக்களவினும் இரண்டங்குலமேனும் நீண்டிருத்தல் வேண்டும். எனினும் ஒருபுறம் அறுத்தபின் மறுபுறம் சென்று அறுப்பின், 20 அங்குல அலகாலேயே 36 அங்குலம் வரையுள்ள கட்டையைத் துணிக்கலாம். அங்ஙனமாயின் நெடிய அலகு எற்றுக்கெனின், விறகு வேலையில் அறுப்புக்கள் பலவாதலின் என்க. 16 அடி நீளமுள்ள கட்டையை 16 அங்குலத் துண்டுகளாக்க 11 அறுப்பு வேண்டும். இருபுறமும் அறுப்பின் அவை 22 ஆகும். நாடோறும் பெருங்கட்டை அறுப்போனுக்கு நெடிய அலகு பொழுதை மிச்சப்படுத்தும். ஆண்டுக்கு இரண்டொரு பெருமரம் அறுப்போனுக்கு அது வீண்சுமையே. ஆதலின் தன்னிடம் வரும் கட்டைகளுள் மிகப் பெரியதை நோக்காது, மிகப் பலவாக வருவனவற்றின் அளவை நோக்கியே அலகைத் தேர்தல் தக்கது.

இரண்டாவது எதிர்நிற்கும் மரத்தின் வலி. புறத்தே வைரமுடையனவற்றைப் புல்லென்றும், அகத்தே வைரமுடையனவற்றை மரமென்றும் தொல்காப்பியர் மரபியலுள் பகுத்தனர். இப்பகுப்பு வாள் பிடிப்போனுக்கும் பயன்படும். தென்னையும் பனையும் புறத்தே வன்மையும் அகத்தே மென்மையும் உடையன. அவற்றை அறுக்கத் தொடங்கும்பொழுதே பல் பெரிதும் உழைக்கின்றது. புளியோ அகத்தே வைரமுடையது. தொடக்கத்தில் எளிதாய்ச் சென்ற வாள் நடுவை அணுகியவழி மெலிந்து தடுமாறும். பசுமரத்தினும் நன்குலர்ந்த வன்மரம் பல்லை விரைவில் மழுக்கும். நிலத்திற் புரண்டு மண்ணேறிய பட்டையும், சாலையோர மரங்களில் அறைந்த ஆணியும், வேலியாக இருந்த மரத்திற் புதைந்த கம்பியும் இவையெல்லாவற்றினும் கொடியன. சங்கிலியின் பற்கள் இருவகைப்படும். மூலை கூரிதாயமைந்த பல் தூய மரத்தில் விரைந்து அறுக்கும். ஆயின் மண்பட்டால் உடனே மழுங்கும். மூலை சற்று வளைந்த பல் வேகத்திற் குறைந்ததாயினும், கூர்மையை நெடும்பொழுது காக்கும். புழுதி படிந்த நம் விறகுக் கட்டைகளுக்குப் பின்னதே ஏற்றது.

மூன்றாவது துணைவலி. ஈண்டுத் துணையாவன பொறி, சங்கிலி, அரம், எண்ணெய் என்பன. பொறியின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டராற் கூறுவர்; அதனைச் சுருக்கிச் சி.சி. என்பர். 50 சி.சி. பொறிக்கு 16 முதல் 18 அங்குலமும், 60 சி.சி. பொறிக்கு 20 அங்குலமும், 70 சி.சி. பொறிக்கு 24 அங்குலமும், 90 சி.சி. பொறிக்கு 30 அங்குலமும் ஏறக்குறையத் தக்க அலகுகளாம். புளி போன்ற வன்மரமாயின் ஒருபடி குறைத்துக்கொள்க. இவ்வளவைக் கடந்து சிறு பொறியில் நெடிய அலகைப் பூட்டின், மரத்துட் புகுந்த பற்கள் அனைத்தையும் இழுக்கமாட்டாது சங்கிலி நிற்கும். பொறி வெம்மையுற்றுக் கெடும். '58 சி.சி., 22 அங்குலம்' என்று அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பொறிகள் கடைகளிற் பல. கொள்ளளவு ஒன்றாயினும் ஆற்றல் ஒன்றாகாது. ஆதலின் வாங்குவோர் சி.சி.யோடு நில்லாது, கிலோவாட்டிற் குறித்த ஆற்றலையும் வினவி ஒப்பிடுதல் வேண்டும். மின்கலத்தால் இயங்கும் வாட்கள் இக்காலத்துப் பெரிதும் சிறந்துள்ளன. ஓசையும் புகையும் குறைந்தன. கிளை கழிக்கவும் சிறு கட்டை அறுக்கவும் அவை நன்று. எனினும் இரண்டடிக் கட்டைகளை நாள்முழுதும் அறுப்போனுக்குப் பெட்ரோற் பொறியே பெரும்பான்மையும் ஏற்றதாகும்.

ஆற்றல் மிக்க பொறியாயினும் மழுங்கிய சங்கிலியோடு கூடின் பயனில்லை. பல் கூரிதாயின் மரம் செதிலாக வீழும்; மழுங்கின் மாவாக வீழும். அறுப்பு ஒருபக்கம் கோணிச் செல்வதும், கையால் அழுத்தினாலன்றி வாள் இறங்காமையும் மழுக்கத்தின் பிற குறிகளாம். அப்பொழுது அழுத்துதல் அறியாமை; நிறுத்தி அரத்தால் தீட்டுதல் அறிவு. ஆதலின் வாளோடு அதன் சங்கிலிக்குப் பொருந்திய உருண்டை அரத்தையும், மாற்றுச் சங்கிலி ஒன்றையும் உடன் வாங்குக. எரிபொருட் கலத்தை நிரப்புந்தோறும் ஒருமுறை தீட்டுதல் நல்ல வழக்கமாம். பெட்ரோலிற் கலக்கும் எண்ணெயின் அளவு பொறிக்குப் பொறி வேறுபடும். ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் வேண்டுவனவும் உள. 40 மில்லிலிட்டர் வேண்டுவனவும் உள. பொறியோடு வரும் கையேட்டைப் படித்து ஒழுகுக. அலகுக்கு இடும் எண்ணெய் இதனின் வேறாயது. சங்கிலி, பிளக், இழுகயிறு முதலியன அண்மையிலுள்ள நகரில் கிடைக்குமோ என்பதையும் வாங்குமுன்னரே உசாவுதல் வேண்டும். உறுப்புக் கிடையாத நல்ல வாள், விறகுத் தொட்டியின் மூலையிற் கிடக்கும் இரும்பே.

நான்காவது தன்வலி. இதுவே யாவற்றினும் தலையாயது. அலகும் எரிபொருளும் நீங்கலாக, 50 சி.சி. வாள் ஏறக்குறைய 5 கிலோ எடையும், 70 சி.சி. வாள் 6½ கிலோ எடையும், 90 சி.சி. வாள் 7½ கிலோவும் அதற்கு மேலும் எடையும் உடையன. கடையில் ஒருகணம் தூக்கிப் பார்க்கும்பொழுது இரண்டரைக் கிலோ சிறிதாகத் தோன்றும். நண்பகல் வெயிலில் நான்குமணி நேரம் குனிந்து ஏந்துவோனுக்கு அது சிறிதன்று. பொறியின் ஓசை 100 டெசிபெல்லைக் கடக்கும். காப்பின்றிக் கேட்கும் செவி நாளடைவில் கெடும். அதன் அதிர்வு நெடுங்காலம் கைகளைத் தாக்கின் விரல்கள் வெளுத்து மரத்துப்போம். இவையனைத்தினும் அஞ்சத்தக்கது எதிருதைப்பு. சங்கிலி நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் விரைவில் ஓடுகின்றது. அலகு நுனியின் மேற்பாதி வேறொரு கட்டையிற் படுமாயின், வாள் துள்ளி எழுந்து பிடித்தோன் முகத்தையும் கழுத்தையும் நோக்கிப் பாயும். கண் இமைக்குமுன் நிகழும் இதனைக் கைவன்மையால் தடுத்தல் இயலாது; சங்கிலியை உடனே நிறுத்தும் தடையமைப்பே ஓரளவு காக்கும். அத்தடை இல்லாத வாளையும், தடை பழுதுற்ற வாளையும் எவ்வளவு மலிவாயினும் வாங்கற்க.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்று உளது. நம் நாட்டில் வாளை வாங்குவோர் ஒருவர், ஏந்துவோர் மற்றொருவர். வாங்குவோர் விறகுத் தொட்டியின் உரிமையாளர். ஏந்துவோரோ வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு கட்டைமேல் நின்று நாட்கூலிக்கு உழைப்பவர். தன்வலி அறிக என்னும் அறவுரை, பிறர் கையிற் கருவியைக் கொடுப்போனுக்கு அக்கையின் வலியை அறிக என்றே பொருள்படும். ஓடும் சங்கிலி பட்டவுடன் தன் இழைகளால் அதனைச் சிக்கவைத்து நிறுத்தும் காற்சட்டையும், செவிக்காப்பும், கண்ணாடியும், வன்மையான காலணியும் இத்தொழிலுக்கென உள்ளன. அவற்றின் விலையைத் தனிச்செலவாகக் கருதுவோர் இறுதியில் அவற்றை வாங்காமலே விடுவர். வாளின் விலை எனின் அவையும் உள்ளிட்ட விலையென்றே முதற்கண் கணக்கிடல் வேண்டும். கைப்பொருள் போதாதாயின், சிறிய வாளை வாங்கி எஞ்சிய பொருளாற் காப்பணிகளை வாங்குக. சிறு வாளால் வேலை தாழ்க்கும், அவ்வளவே. இழந்த காலை எந்த விலைக்கும் மீட்டல் இயலாது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து உரைப்பாம். இரண்டடிக் கட்டைகளை நாடோறும் அறுப்போர் 70 சி.சி. அளவிலான பொறியையும் 20 அல்லது 24 அங்குல அலகையும் கொள்க. எப்பொழுதேனும் அறுப்போர் 50 சி.சி. பொறியும் 18 அங்குல அலகும் கொண்டு இருபுறமும் அறுத்து அமைக. மூன்றடியைக் கடந்த அடிமரம் அரிதாக வருமாயின், அதற்கெனப் பெருவாள் வாங்காது, ஆப்பும் சம்மட்டியும் கொண்டு பிளந்தபின் அறுத்தலும் ஒரு வழியே. எவ்வகை வாளாயினும் கூரிய பல்லும், தடையமைப்பும், ஏந்துவோனுக்குக் காப்பும் இன்றியமையாதன. கருவியின் பெருமை அதன் பருமையில் இல்லை. மரத்தை அறுத்து, அறுத்தவனை மாலையில் முழுவுடம்போடு வீடு சேர்ப்பதிலேயே உளது என்பது நமது துணிபு.