ஏழாம் இதழில் நின்றுவிடாதீர்கள்

'தி வாக்கிங் டெட்' காமிக்ஸைப் பாதியில் நிறுத்தச் சொன்ன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஓவியத்தில் பெரிய ரசனைக்காரர் என்று எங்கள் வட்டத்தில் பேர். "முதல் ஆறு இதழோட முடிச்சுக்கப்பா. அதுக்கப்புறம் படமா அது, கரியைக் கொட்டி வச்சிருக்கான்" என்றார். அவர் பேச்சை நம்பி, கையிலிருந்த முதல் இரண்டு தொகுதிகளையும் பழைய புத்தகக் கடையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். பிற்பாடு அதே இரண்டையும் முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ராபர்ட் கிர்க்மன் எழுத, இமேஜ் காமிக்ஸ் வெளியீடாக 2003-இல் தொடங்கிய கறுப்பு வெள்ளைத் தொடர் இது. முதல் ஆறு இதழ்களை வரைந்தவர் டோனி மூர். கோடு சுத்தமாக இருக்கும், நடமாடும் பிணத்தின் பல்லைக்கூட எண்ணலாம். ஏழாம் இதழில் பிரிட்டிஷ் ஓவியர் சார்லி ஆட்லார்ட் வந்ததும் எல்லாம் மாறுகிறது. முகங்கள் ஒன்றுபோல் ஆகின்றன. பெண்களைத் தலைமுடியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்; இரவுக் காட்சி என்றால் அதுவும் போச்சு.

ஆனால் ரசனைக்காரர் பார்க்காதது ஒன்று இருக்கிறது. மூரின் முகங்களில் ஒரு கேலிச்சித்திரச் சாயல் உண்டு. வில்லன் கவர்னர் நாயகன் ரிக்கின் கையை வெட்டும் 28-ஆம் இதழை அவர் வரைந்திருந்தால் அந்த அருவருப்பு வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஆட்லார்டின் கறுப்பில் ஆட்கள் களைத்துப்போயிருக்கிறார்கள், தூக்கமில்லாமல் இருக்கிறார்கள். கிர்க்மனின் கதைக்கு அந்த முகங்கள்தான் வேண்டும். அவருக்குப் பிணங்கள் ஒரு சாக்கு. உயிரோடு இருப்பவர்கள் ஒருவரையொருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்பதுதான் அவர் விஷயம். இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள், ஒரே முகம் நாலு கட்டத்தில் அப்படியே இருக்கும். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் முழுப் பக்கத்துக்கு ஒரே படம், நெஞ்சில் இடி.

இன்னொன்று: ஏழு முதல் 193 வரை, 187 இதழ்கள், ஒரே மனிதர் வரைந்தார். சில பக்கங்களில் பின்னணியே இல்லாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 115 முதல் 126 வரை மாதம் இருமுறை வெளியிட்டார்கள். அப்போது மை தீட்ட ஸ்டெஃபானோ கவுடியானோ வந்தார், கோட்டின் குணமே மாறியது. இதையெல்லாம் குறை என்று பட்டியல் போடுகிறவர் மாதம் இருபது பக்கம் வரைந்து காட்டட்டும்.

எப்படிப் படிப்பது? உங்களுக்கும் ஆபீஸ் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்குத்தான் நேரம் கிடைக்கும். மங்கல் வெளிச்சத்தில் மட்டும் வேண்டாம், கறுப்பெல்லாம் சேறாகிவிடும். போனில் கட்டம் கட்டமாகவும் பார்க்காதீர்கள். பக்கம் புரட்டும் அதிர்ச்சி செத்துப்போகும். ஆள் குழம்பினால் நிறுத்தாமல் நகருங்கள், வசனமே சொல்லிவிடும். 2020 முதல் டேவ் மெக்கெய்க் வண்ணமிட்ட பதிப்பு வருகிறது. ஆட்களைப் பிரித்தறிய அது உதவும். அதற்காகக் கறுப்பு வெள்ளையை விட நான் தயாரில்லை.

முழுத் தொடரும் நாலு பெருந்தொகுப்புகளாகக் கிடைக்கிறது. நாலையும் சேர்த்து வாங்காதீர்கள். முதலாவது மட்டும் போதும்: 48 இதழ்கள், ஆயிரத்துச் சொச்சம் பக்கம், மடியில் தலையணை வைத்துத்தான் படிக்க முடியும். 48-ஆம் இதழில் நடப்பதைச் சொல்லமாட்டேன். டிவி தொடர் பார்த்தவர்களுக்கும் அது புதிது, அங்கே வேறு மாதிரி எடுத்துவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு இரண்டாம் தொகுப்பு வேண்டாம் என்று யாராவது சொன்னால், என் நண்பரின் நம்பர் தருகிறேன், இரண்டு பேரும் ஓவியம் பேசிக்கொண்டிருக்கலாம்.