தண்டனை பெற்றவர் இன்ஸ்டாகிராமில் இருக்கலாமா?

கேள்வி: புனே கட்கியில் குடியிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஒருவர் போக்சோ வழக்கில் தண்டனை பெற்றவர். இப்போது வெளியே வந்துவிட்டார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இன்ஸ்டாகிராமில் அவரிடமிருந்து ஃபாலோ ரிக்வெஸ்ட் வந்திருக்கிறது. அவளே என்னிடம் காட்டினாள். அவள் தோழிகள் இருவருக்கும் வந்திருக்கிறதாம். இப்படிப்பட்டவர்களின் பட்டியல் அரசிடம் இருக்கிறதே, அதைக் கொடுத்து எல்லோரையும் ஒரேயடியாக வெளியேற்ற முடியாதா? போலீசுக்குப் போனால் மகளை ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள் என்று மனைவி பயப்படுகிறாள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புனே

பதில்: அவருடைய கணக்கை நீக்கவைக்க வழி இருக்கிறது. ஆனால் அரசுப் பட்டியல் அதைச் செய்யாது. புகார் உங்களிடமிருந்துதான் போக வேண்டும்.

பட்டியல் இருப்பது உண்மை. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தை மத்திய உள்துறை அமைச்சகம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. தொடங்கியபோதே 4.4 லட்சம் பதிவுகள் இருந்தன. ஆனால் காவல் துறை போன்ற அமைப்புகள் மட்டுமே அதைப் பார்க்க முடியும். பொதுமக்களுக்கு அது திறந்ததல்ல. தண்டனை பெற்றவர் சமூக வலைத்தளத்தில் சேரவே கூடாது என்று தடுக்கும் பொதுச் சட்டமும் நம் நாட்டில் இல்லை.

அமெரிக்காவில் பட்டியல் பொதுவில் இருக்கிறது. அதைத் தன் உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சுமார் 90,000 பேரை நீக்கியதாக 2009இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் அறிவித்தது. வட கரோலினா மாநிலம் ஒரு படி மேலே போய், இவர்கள் சமூக வலைத்தளத்துக்குள் நுழைந்தாலே குற்றம் என்று சட்டம் போட்டது. பேச்சுரிமைக்கு முரண் என்று 2017 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: சிறுவர்களைத் தொடர்புகொள்வது போன்ற குறிப்பிட்ட செயல்களைத் தடுத்துச் சட்டம் போடத் தடையில்லை.

பட்டியலுக்குள் ஓர் ஓட்டையும் இருக்கிறது. பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனையும் பெற்றவர் மட்டுமே அதில் ஏறுவார். பொள்ளாச்சி பாலியல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக் நட்பில் தொடங்கிய அந்தக் கொடுமை 2019இல் வெளியே வந்தது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 மே 13 அன்று. அந்தக் குற்றத்துக்காக அவர்கள் பெயர் பட்டியலில் ஏற ஆறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்குபவரைப் பட்டியல் பிடிக்காது என்பது தனி.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். தண்டனை பெற்ற பாலியல் குற்றவாளிகள் தங்கள் தளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் விதியிலும் இருக்கிறது. உதவிப் பக்கத்தில் இதற்கென்றே புகார் வழி உண்டு. வாய்ச்சொல் போதாது, நீதிமன்ற ஆவணமோ, தண்டனை பற்றிய செய்தியின் இணைப்போ சேர்க்க வேண்டும். ஆவணத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் வரிகள் இருந்தால் அவற்றை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பியது மட்டுமே குற்றமாகாது. ஆனால் பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையை மின்னணு வழியில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது போக்சோ 11ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. குழந்தையை ஆசை காட்டி ஆபாச உறவுக்கு இழுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு தண்டிக்கிறது. ஆகவே எதையும் அழிக்காதீர்கள். ரிக்வெஸ்ட், மெசேஜ், தேதி, கணக்கின் யூசர்நேம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு பிளாக் செய்யுங்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். அவர் தண்டனைக் காலம் முடிந்து வந்தவரா, மேல்முறையீடு நிலுவையில் இருக்க ஜாமீனில் வந்தவரா? ஜாமீன் என்றால் உயர் நீதிமன்றம் நிபந்தனைகள் விதித்திருக்கக்கூடும். அவற்றை மீறினால் ஜாமீனையே ரத்து செய்யக் கோரலாம். அந்த விவரம் காவல் நிலையத்துக்குத் தெரியும். பட்டியலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. மூன்று சிறுமிகளுக்கு ரிக்வெஸ்ட் வந்திருப்பதை எழுத்துப் புகாராகக் கொடுத்தால், அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். புனே சைபர் காவல் நிலையத்திலோ, உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 1930 என்ற உதவி எண் பெரும்பாலும் பண மோசடிக்கானது. குழந்தைக்கு உதவி என்றால் 1098. உடனடி ஆபத்து என்றால் 112.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். இயன்றவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். பெற்றோர் கூட இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. மராத்தி சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

அவர் படத்தைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு எச்சரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய வழக்கின் குழந்தை யார் என்பது அந்தப் பேச்சிலேயே வெளியே வந்துவிடும். அப்படி அடையாளம் காட்டுவதே தண்டனைக்குரிய குற்றம். ஆள் மாறிப் போயிருந்தால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும்.

மகளின் கணக்கில் சரியான பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். வயதைக் கூட்டிப் போட்டிருந்தால், சிறுவர் கணக்குக்கு இன்ஸ்டாகிராம் தானாகவே போடும் பூட்டுகள் வேலை செய்யாது. ஆனால் போனைப் பிடுங்கிவிடாதீர்கள். வந்ததை மறைக்காமல் காட்டியதற்கு அதுதான் பரிசு என்றால் அடுத்த முறை காட்டமாட்டாள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றவாளி தெரிந்த ஆள்தான் என்கின்றன குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்கள். உறவினரோ, டியூஷன் மாஸ்டரோ நாளை எல்லை மீறினாலும் அவள் உங்களிடம்தான் வந்து சொல்ல வேண்டும்.

தோழிகளின் பெற்றோரிடம் இன்றே பேசுங்கள். மூன்று குடும்பமும் சேர்ந்து கையெழுத்திட்டுப் புகார் கொடுங்கள்.