முதலாட்டமும் வழியாட்டமும்

நூல்களை முதனூல் என்றும் வழிநூல் என்றும் வகுத்துரைப்பது நம் இலக்கணநூலார் மரபு. முன்னதன் பொருளை ஏற்றுக்கொண்டு, தனக்கு வேண்டிய மாறுதல்களைச் செய்துகொண்டு வருவது வழிநூல். இப்பகுப்பு ஏட்டுக்கும் புத்தகத்துக்கும் மட்டுமே உரியதென்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். வீடியோ விளையாட்டுகளுக்கும் அது பொருந்துமென்பதை விடுதித் தாழ்வாரத்தில் ஒரு மாலை நிகழ்ந்த வாதமே எமக்கு உணர்த்திற்று.

எம் அறைத்தோழர் ஒருவர், 'டிராகன் குவெஸ்ட்' என்னும் ஜப்பானிய ஆட்டத்தின் முதலிரண்டு பாகங்களையும் தம் கைத்தொலைபேசியில் வாங்கி வைத்திருந்தார். "இரண்டாவது ஆட்டத்தில் நிலமும் மிகுதி, பகைவரும் மிகுதி, துணைவரும் உண்டு. அப்படியிருக்க, ஒருவனே தனியாய்த் திரியும் முதலாவதை ஆடுவானேன்?" என்று அவர் வினவினார். முதலாவதே சிறந்ததென்று யாம் சட்டென விடையிறுத்தோம். விடை கூறிய பின்னரே இரண்டையும் மீண்டும் ஒழுங்காக ஆடிப்பார்த்தோம். அதன் பயனாக எம் கருத்தில் ஒரு பாதியை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அவ்வரலாறே இக்கட்டுரை.

இவ்வகை ஆட்டத்தை அறியாத நேயர்க்கு ஒரு சொல். ஆடுவோர் ஒரு கதைப்பாத்திரத்தின் வேடத்தைப் பூண்டு, ஊர்தோறும் சென்று மாந்தரொடு பேசிச் செய்தியறிந்து, பகைவரை வென்று, வென்ற அளவுக்கு உடல்வலியும் மந்திரவலியும் பெற்று, ஒரு பெருங்காரியத்தை முடிப்பதே இதன் இயல்பு. அமெரிக்காவில் 'அல்டிமா', 'விசார்ட்ரி' என்னும் இரண்டு ஆட்டங்கள் இத்துறையில் முன்னரே பெயர்பெற்றிருந்தன. அவற்றை விரும்பி ஆடிய யூஜி ஹோரி என்பார், ஒன்றிலிருந்து மேனின்று நோக்கும் நிலப்படத்தையும், மற்றொன்றிலிருந்து எதிரெதிர் நின்று பொரும் முறையையும் எடுத்துக்கொண்டு, சிறுவர்க்கும் விளங்குமாறு எளிமையாக்கினார். நிரல் எழுதியவர் கோயிச்சி நாக்கமுரா; உருவங்கள் வரைந்தவர் அகிரா டோரியாமா; இசை வகுத்தவர் கோயிச்சி சுகியாமா. எனிக்ஸ் நிறுவனத்தார் இதனை 1986ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் வெளியிட்டனர். வழியாட்டம் 1987 சனவரி 26இல் வந்தது. இடைப்பட்ட காலம் எட்டே மாதம் என்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

முதலாட்டம் முழுவதும் 64 கிலோபைட்டில் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைப்போல் பன்மடங்கு இடங்கொள்ளும். இத்துணைச் சிறிய பேழைக்குள் ஓர் உலகத்தை அடைக்கவேண்டியிருந்தமையால், வீணான பொருள் எதுவும் உட்புக இடமில்லாது போயிற்று. ஆட்டம் தொடங்குமிடத்தைக் காண்க. அரசன் முன் நிற்கின்றோம்; அறை பூட்டியிருக்கிறது; மூன்று பேழைகள் கிடக்கின்றன. பேழையைத் திறந்தால் பொன்னும், தீப்பந்தமும், திறவுகோலும் கிடைக்கின்றன. திறவுகோலைக் கொண்டு கதவைத் திறந்தாலன்றி வெளியேற இயலாது. பேசுதல், எடுத்தல், திறத்தல், படியிறங்குதல் ஆகிய எல்லாவற்றையும் அவ்வோரறையிலேயே, பாடம் கற்கின்றோம் என்ற நினைவே எழாதவாறு ஹோரி கற்பித்துவிடுகிறார். ஆசிரியத்தொழில் பயில்வோர் அவ்வறையை ஒருமுறை சென்று காணலாம்.

வெளியே வந்தவுடன், நீருக்கு அப்பால் பகைவனாகிய டிராகன் வேந்தனின் கோட்டை கண்ணெதிரே நிற்கிறது. கூப்பிடு தூரந்தான், ஆயினும் அங்குச் செல்ல ஆலெப்கார்ட் நாடு முழுவதையும் சுற்றிவரவேண்டும். வழியை மறிக்கும் மதிலோ காவலோ இல்லை, பாலங்களே எல்லை. ஒரு பாலத்தைக் கடந்தால் எதிர்ப்படுவோர் வலிமிக்கவராகின்றனர். அஞ்சித் திரும்புவதும் துணிந்து செல்வதும் நம் விருப்பம். தோற்றால் அரசன் முன்னிலையில் மீண்டும் விழித்தெழுகின்றோம். கைப்பொருளில் பாதி போய்விடும். போரிலோ ஒருவனுக்கு எதிரே ஒருவனே. ஆதலின் எவனை வெல்லலாம், எவனை விட்டு ஓடவேண்டும் என்பதை மனக்கணக்காகவே அறியலாம். குகைக்குள் தீப்பந்தத்தின் ஒளி சிறு சதுரமாக நம்மைச் சூழ்ந்திருக்க, ஒவ்வோர் அடுக்காகக் கீழிறங்குந்தோறும் ஒரே மெட்டுச் சுருதி தாழ்ந்தும் காலம் நீண்டும் ஒலிக்கிறது. வேறு வேறு இசை அமைக்க இடம் போதாத குறை இவ்வாறு ஒரு குணமாயிற்று. இதனை நள்ளிரவில் விளக்கணைத்து ஆடியபோது எமக்குண்டான நடுக்கம் உண்மையானது; சொல்லிக்கொள்ள நாணவில்லை.

இனி வழியாட்டத்துக்கு வருவோம்.

முதலாட்டத்தின் முடிவில் அரசன் தன் அரியணையை வீரனுக்குத் தர முன்வருகிறான். வீரன் அதனை ஏலாது, தான் ஆளும் நாடொன்று இருக்குமாயின் அதனைத் தானே தேடிக்கொள்வதாகக் கூறி, அரசன் மகளொடு புறப்பட்டுவிடுகிறான். அவ்விருவர் வழிவந்தோர் நூறாண்டுக்குப்பின் மிடன்ஹால், கேனக், மூன்புரூக் என்னும் மூன்று நாடுகளை ஆள்கின்றனர். மூன்புரூக் கோட்டை ஹார்கன் என்னும் கொடிய பூசாரியின் படையால் அழிகிறது. குற்றுயிரோடு தப்பிவந்த ஒரு போர்வீரன் மிடன்ஹால் அரசனிடம் செய்தியுரைத்து உயிர்விடுகிறான். மிடன்ஹால் இளவரசனாக நாம் புறப்படுகின்றோம்.

இங்கே முதலில் தனிமை, பின்னரே துணை. கேனக் இளவரசனைத் தேடிச் சென்றால், அவன் ஒரு சுனைக்குப் போயிருக்கிறான். சுனைக்குச் சென்றால், மிடன்ஹாலுக்குப் போய்விட்டான். அங்கே சென்றால், திரும்பிவிட்டான். ஈற்றில் ஒரு சத்திரத்தில் இளைப்பாறியிருப்பவன், தானே நம்மைத் தேடி அலைந்ததாகக் கூறுகிறான்! மூன்புரூக் இளவரசியின் செய்தி இதற்கு நேர்மாறானது. ஓர் ஊர்த்தெருவில் நாயொன்று காரணமின்றி நம் பின்னே சுற்றுகிறது. சதுப்புநிலத்தில் கிடைக்கும் ஒரு மாயக்கண்ணாடியை அதன்முன் பிடித்தபோதன்றோ, தந்தையையும் நாட்டையும் இழந்து நாயுருவாகத் திரிந்தவள் அவளே என்பது விளங்குகிறது! அவளும் சேர்ந்து மூவரான அளவில் வெளிநிலத்து இசை மாறி ஊக்கம் நிறைந்ததாகிறது. துணை பெற்றோம் என்பதைச் சொல்லாற் கூறாது செவியால் உணர்த்திய இவ்விடத்துக்கு நிகரானது முதலாட்டத்தில் இல்லை; ஒருவனே இருக்கும் கதையில் இருத்தலும் இயலாது.

மூவர் என்றவுடன் வலிமை மூன்று மடங்காயிற்று என்று நினைத்தல் தவறு. முதலாட்டத்து வீரன் வாளும் வல்லான், மந்திரமும் அறிவான். அவனிடத்து ஒருங்கிருந்த திறன் இங்கே பங்கிடப்பட்டுவிட்டது. மிடன்ஹால் இளவரசன் மந்திரம் ஒன்றும் அறியாதவன். இளவரசி மந்திரத்தில் வல்லள், உடலோ மெலிது. கேனக் இளவரசன் இரண்டும் சிறிது சிறிது அறிந்தவன். எதிலும் முழுத்தேர்ச்சி இல்லாதவன். ஒருவர் வீழ்ந்தால் மற்றையோர் பாதியாகின்றனர். பகைவரும் இப்போது கூட்டங்கூட்டமாக வருகின்றனர். யாரைக் காப்பது, யாரை முன்னே வீழ்த்துவது என்னும் கவலை ஒவ்வொரு போரிலும் புதிதாய் எழுகிறது. முதலாட்டத்தில் நாம் செய்தது கணக்கு. இங்கே செய்வது குடும்பம் நடத்துதல்.

எம் கருத்தை மாற்றியது இவை எவையுமல்ல. மூவரும் கப்பலொன்றைப் பெற்றுக் கடலோடுங்கால் ஆலெப்கார்ட் நாட்டை அடைகின்றனர். முதலாட்டத்தில் உலகம் முழுவதுமாயிருந்த அந்நாடு இங்கே பெருங்கடலின் நடுவே ஒரு சிறு தீவு. கரையில் கால்வைத்த அளவில் பழைய இசை கேட்கிறது. யாம் பல நாள் அலைந்து தேடிய ஊர்கள் மறைந்துவிட்டன; டேன்டெகல் கோட்டையும் அதனையடுத்த ஊரும், நீருக்கப்பால் அப்பழைய கோட்டையும் எஞ்சியுள்ளன. அரியணையில் அரசனைக் காணோம். ஹார்கனுக்கு அஞ்சி, ஊருக்குள் படைக்கலம் விற்கும் கடையின் மேன்மாடத்தில் ஒளிந்திருக்கிறான்! எதிர்க்கோட்டையின் அடித்தளத்திலோ டிராகன் வேந்தனின் வழித்தோன்றல் வீற்றிருந்து, நம்மை இன்முகத்தோடு வரவேற்று, ஹார்கனை ஒழிக்கும் வழி கூறுகிறான். முன்னோர் காத்த அரசின் வழிவந்தவன் ஒளிந்துகொள்ள, முன்னோர் கொன்ற பகைவனின் வழிவந்தவன் துணைநிற்கின்றான். இவ்விடத்தின் சுவை, முதலாட்டத்தை ஆடாது வந்தவர்க்கு ஒரு சிறிதும் புலப்படாது. அவர்க்கு அது கடலிலுள்ள பல தீவுகளில் ஒன்றே. முதலாட்டம் மட்டும் ஆடி நின்றவரோ ஆலெப்கார்ட் எத்துணைச் சிறியது என்பதை அறியாமலே போவர். நிலத்தின் பெருமையை ஹோரி காட்டியது புதிய நிலத்தைப் பெருக்கியதாலன்று. பழைய நிலத்தைச் சுருக்கியதால் என்க.

குறையையும் கூறவேண்டும். ஹார்கன் வாழும் ரெண்டராக் மேட்டுநிலத்துக்குச் செல்ல ஒரு குகை உண்டு. அதன் தளத்தில் கண்ணுக்குத் தோன்றாத பொறிக்குழிகள் உள்ளன. ஓரடி பிசகினால் கீழடுக்கில் விழவேண்டும். சில வழிகளோ சென்றவிடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடுகின்றன. தப்பி வெளிவந்து பனிநிலத்தில் கால்வைத்தால், ஒரே மந்திரத்தால் மூவரையும் மாய்க்கவல்ல பகைவர் நிற்கின்றனர். முதலாட்டத்தில் பாலந்தோறும் அளந்து வைத்த ஏற்றம் இங்கே அளவிறந்துவிட்டது. இறுதிப் பகுதியைப் பலகால் ஆடிப்பார்த்துச் செப்பஞ்செய்யக் காலம் போதவில்லை என்பதை ஆக்கியோரே பின்னாளில் கூறியுள்ளனர். மேலே நினைவில் வைக்கச் சொன்ன எட்டு மாதம் இதற்கே. 128 கிலோபைட்டாகப் பேழை இருமடங்காயிற்று. அதனைச் செம்மைசெய்யும் நாள் இருமடங்காகவில்லை. ஆயினும் அவ்வின்னலைக் கடந்து ஹார்கன் கோட்டைக்குள் நுழைந்தால், உள்ளே இருப்பது மிடன்ஹால் அரண்மனை! தந்தை இருக்கிறார், யாவரும் மகிழ்ந்திருக்கின்றனர். ரூபிஸ் என்னும் தெய்வமகள் அளித்த காப்பணியைக் கையிலெடுத்தால் அம்மாயை கலைகிறது. களைத்தோடி வந்தவனுக்கு வீட்டைக் காட்டி மயக்கும் இச்சூழ்ச்சியை எண்ணுந்தோறும், குகையில் பட்ட துயரை மன்னிக்கவே தோன்றுகிறது. அளவிறந்த பகைவரை மன்னிக்க மட்டும் மனம் வரவில்லை.

அக்காலத்து ஜப்பானியச் சிறுவர் பட்ட துன்பம் வேறொன்றும் உண்டு. ஆட்டத்தை நிறுத்தி மறுநாள் தொடர, திரையில் தோன்றும் மந்திரவெழுத்துக்களைத் தாளில் எழுதிவைத்து மீண்டும் இடவேண்டும். முதலாட்டத்தில் அவை 20; வழியாட்டத்தில் 52 வரை நீண்டன. மங்கலான தொலைக்காட்சித் திரையில், ஓரெழுத்தின் தலையில் இருப்பது இரு சிறு கோடுகளா, ஒரு சிறு வட்டமா என்பது தெரியாது. ஓரெழுத்துப் பிழைத்தாலும் வாரக்கணக்கான உழைப்பு மண்ணாயிற்று. புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோர் இவர்க்காக இரங்கியிருப்பர். அமெரிக்காவில் 1989இலும் 1990இலும் இவை வெளிவந்தபோது மின்கலம் பொருத்தி இத்தொல்லையை நீக்கிவிட்டனர்.

முதலாட்டம் ஜப்பானில் ஏறத்தாழ 15 லட்சமும், வழியாட்டம் ஏறத்தாழ 24 லட்சமும் விற்றன. விற்பனையைக் கொண்டு தீர்ப்புக் கூறுவோர் கூறிக்கொள்க. அமைதியால் முதலாட்டமே சிறந்தது என்னும் எம் பழைய கருத்தை யாம் கைவிடவில்லை. ஆனால் வீரன் அரியணையை மறுத்து நடந்த அவ்வடி எங்குச் சென்று முடிந்தது என்பதை வழியாட்டமே காட்டுகின்றமையால், அதனை ஆடாதவர் முதலாட்டத்தையும் முற்ற ஆடியவராகார் என்று இப்போது சேர்த்துக் கூறுகின்றோம். 1988இல் வந்த மூன்றாவது ஆட்டம் காலத்தாற் பிந்தியும் கதையால் இவ்விரண்டுக்கும் முந்தியது. அதனைப் பற்றிப் பேசப் பிறிதொரு கட்டுரை வேண்டும். சுகியாமா 2021இலும் டோரியாமா 2024இலும் மறைந்தனர். முதலிரண்டு ஆட்டங்களையும் ஒன்றாகப் புதுக்கி 2025 அக்டோபரில் வெளியிட்டுள்ளனர்.

எம் தோழரை முதலாட்டத்தை முடித்துவிட்டு வருமாறு வற்புறுத்தினோம். முணுமுணுத்துக்கொண்டே இரு வாரத்தில் முடித்தார். ஆலெப்கார்ட் கரையில் பழைய இசை கேட்ட இரவு, உறங்கிக்கொண்டிருந்த எம்மை எழுப்பி அதனைக் கேட்பித்தார். இதனை எழுதும் இன்று ரெண்டராக் குகையில் நான்காம் முறையாக விழுந்திருக்கிறார். எக்குழி எங்கே உள்ளது என்று எம்மை வினவுகிறார். யாம் சொல்வதாக இல்லை.