எம்.சி.பி. வயரைக் காக்கும், உன்னைக் காப்பது எது?

அன்புள்ள தம்பிக்கு,

கோவையில் லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். தொழிலை மேஸ்திரி கற்றுத்தருவார். கரண்ட் விஷயத்தில் மட்டும் சிலவற்றை நான் சொல்லியே ஆக வேண்டும்.

"ஷாக் அடிச்சா எம்.சி.பி. விழுந்துடும்" என்பார்கள். நம்பாதே. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. உடம்பு வழியே 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 100 மில்லி ஆம்பியர் சில விநாடிகள் நெஞ்சு வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ 16,000 மில்லி ஆம்பியர் வரை அசையாது. வியர்வையில் நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 வோல்ட்டில் அப்போது 230 மில்லி ஆம்பியர் பாயும். எம்.சி.பி. அப்படியே நிற்கும், ஆள்தான் விழுவான்.

ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லையென்றால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். உங்கள் போர்டில் அது இருக்கிறதா என்று கேள். இருந்தால், மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல். ஆனால் ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், அதனாலும் கண்டுபிடிக்க முடியாது. எனவே மற்றக் காவல்களையும் விட்டுவிடாதே.

கிரைண்டர் பிளக்கின் பெரிய பின்தான் எர்த். அதை உடைத்துவிட்டுச் செருகுவதும், பிளக்கே இல்லாமல் வயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகுவதும் பட்டறைகளில் நடக்கும். நீ செய்யாதே. எர்த் இல்லாதபோது பேஸ் வயர் உள்ளே உரசினால், மெஷினின் இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும்.

பழுது பார்க்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் இன்னொருவர் போட்டுவிடலாம். மெயினை அணைத்துப் பூட்டு. சாவி உன் பையிலேயே இருக்கட்டும். 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை மாட்டு. பிறகு மீட்டரை வைத்து, கரண்ட் இல்லை என்று உறுதி செய்.

யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் பதறித் தொடாதே. முதலில் மெயினை அணை. பிறகு 108-ஐ அழை. மூச்சில்லையென்றால் நெஞ்சின் நடுவே வேகமாக, விடாமல் அழுத்து. இதை முறையாக ஒருமுறை கற்றுக்கொள்.

"ஆர்டர் அவசரம், லைனிலேயே பார்த்துவிடு" என்று முதலாளியே சொன்னாலும் மறுத்துவிடு. அந்த வேலை போனால், வேறு பட்டறையில் நானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்