வெளியேறினால் விதி விலகிவிடுமா?

லண்டனில் ஒரு கடையில் கோக் பாட்டில் வாங்கித் திறந்தால் மூடி தனியாகக் கையில் வராது. பாட்டிலின் கழுத்தில் சின்னப் பிளாஸ்டிக் வார் ஒன்றில் தொங்கிக்கொண்டு, குடிக்கும்போது மூக்கில் இடிக்கும். மூடிகள் கடற்கரைகளில் குப்பையாகச் சேர்வதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதி அது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதோ 2020 ஜனவரி 31-இல். அங்கே இப்படியொரு சட்டமே கிடையாது. ஆனாலும் மூடி தொங்குகிறது.

பிரெக்ஸிட் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம், அது தொலைக்காட்சி விவாதமானாலும் ஏற்றுமதியாளர்களின் டீ நேரமானாலும், ஒரு வசனம் தவறாமல் வந்து விழுகிறது: “அவங்க வெளியே வந்துட்டாங்க. இனி பிரஸ்ஸல்ஸ் சட்டத்தோட தொல்லை அவங்களுக்கு இல்லை.” ஐந்தாறு வருடமாக இதையே திருப்பிச் சொல்பவர்கள், அந்த ஐந்தாறு வருடத்தில் அங்கே என்ன நடந்தது என்று ஒருமுறையாவது எட்டிப் பார்த்திருக்கலாம்.

சிஇ முத்திரையின் கதையை எடுத்துக்கொள்வோம். பொம்மையில், சார்ஜரில், கேஸ் பாய்லரில் இருக்கும் அந்த இரண்டு எழுத்தும் ‘இந்தப் பொருள் ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது’ என்ற உறுதிமொழி. வெளியேறிய கையோடு பிரிட்டன் தனக்கென்று யுகேசிஏ என்ற முத்திரையை உருவாக்கி, 2021 ஜனவரி 1 முதல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு முடிந்தபின் சிஇ செல்லாது என்றார்கள். பிறகு 2022 முடியும் வரை செல்லும் என்றார்கள். அதன்பின் 2024 முடியும் வரை. கடைசியாக 2023 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பெரும்பாலான பொருள்களுக்குக் காலவரையின்றிச் செல்லும் என்று அறிவித்து மூச்சு விட்டார்கள்.

ஏன் இத்தனை பின்வாங்கல்? விதி காகிதத்தில் பிறந்தாலும் அதை நடத்துவது சோதனைக்கூடம். 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் கூடங்கள் தரும் சான்றிதழ் ஐரோப்பாவில் செல்லவில்லை. ஐரோப்பியக் கூடத்தின் சான்றிதழும் பிரிட்டனில் செல்லாது என்று ஆக்கியிருந்தால், பாய்லர் செய்பவர் அதே பாய்லரை இரண்டு இடத்தில் சோதித்து, இரண்டு முறை பணம் கட்ட வேண்டும். சோதனை மாறுமா என்றால் அதுவும் இல்லை. இரண்டு முத்திரைக்கும் பின்னால் இருந்தவை கிட்டத்தட்ட அதே தர அளவுகள்தான். ஒரு பக்கம் 45 கோடிப் பேரின் சந்தை, இன்னொரு பக்கம் 7 கோடிக்கும் சற்றுக் குறைவான சந்தை. ஆலைக்காரர் எந்த முத்திரையைக் குத்துவார் என்பதற்குப் பொருளாதார மேதை தேவையில்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய புதிய பொருள் ஒழுங்குமுறைச் சட்டம், ஐரோப்பிய விதி மாறும்போது விரும்பினால் அதை ஒட்டியே பிரிட்டன் விதியையும் மாற்றிக்கொள்ள அமைச்சர்களுக்கு அதிகாரம் தருகிறது. வெளியேறியவர்கள் வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்த கதை.

சாயப்பட்டறை பக்கம் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. சில வகை அசோ சாயங்கள் சிதைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களாக மாறும். துணியில் அவை ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ‘ரீச்’ எனப்படும் ஐரோப்பிய ரசாயனச் சட்டம். பிரிட்டன் வெளியேறும்போது அந்தச் சட்டத்தை அப்படியே நகல் எடுத்து ‘யுகே ரீச்’ என்று பெயர் வைத்தது. 30 மில்லிகிராம் 30 மில்லிகிராமாகவே இருக்கிறது. கூடியது காகிதம்தான். ஹெல்சிங்கியில் இருக்கும் ஐரோப்பிய ரசாயன முகமையில் ஏற்கெனவே பதிவான பொருள்களுக்கு, அதே ஆய்வுத் தரவுகளைப் பிரிட்டனிடம் மறுபடியும் கொடுக்க வேண்டும். அந்தத் தரவுகள் இலவசமாகக் கிடைப்பவை அல்ல. நிறுவனங்களின் கூட்டமைப்புகளிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சுமார் 200 கோடி பவுண்டு என்று அரசின் மதிப்பீடே சொன்னது. விளைவு, கெடு தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, பழைய சட்டங்களை ஒழிக்கவாவது செய்தார்களா? முயன்றார்கள். 2022 செப்டம்பரில் அமைச்சர் ஜேக்கப் ரீஸ்-மாக் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஒன்றியத்திலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சட்டங்களில், யாராவது கையைத் தூக்கிக் காப்பாற்றாதவை எல்லாம் 2023 முடிவில் தானாகவே காலாவதியாகும் என்பது திட்டம். ஆனால் எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலே அரசிடம் முழுதாக இல்லை. தேடத் தேட எண்ணிக்கை ஏறியது. 2023 மே மாதம் வணிக அமைச்சர் கெமி பேடனாக் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, சுமார் 600 சட்டங்களை மட்டும் நீக்குவதாகச் சொன்னார். அவற்றில் கணிசமானவை ஏற்கெனவே செத்துப்போனவை.

மாற்றமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வெட்டுக்காக ஆடுமாடுகளை உயிரோடு ஏற்றுமதி செய்வதை 2024-இல் தடை செய்தார்கள். மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2023-இல் இங்கிலாந்து வழி திறந்தது. மாதவிடாய்ப் பொருள்களுக்கான மதிப்புக்கூட்டு வரி 2021 முதல் நாளிலேயே போனது. மூன்றும் நல்லவையாக இருக்கலாம். ஆனால் முதலாவது புதிய கட்டுப்பாடு என்பதைக் கவனிக்க வேண்டும். சுதந்திரம் கிடைத்ததும் இன்னொரு விதியைத்தான் போட்டிருக்கிறார்கள்.

தடுப்பூசிக் கதையும் அடிக்கடி காதில் விழுகிறது. 2020 டிசம்பர் 2-இல் ஃபைசர் ஊசிக்குப் பிரிட்டன் முதலில் அனுமதி கொடுத்தது பிரெக்ஸிட்டால்தான் என்று சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக்கே பெருமை பேசினார். வெளியேறிய பின்னும் 2020 முடியும் வரை நீடித்த மாறுதல் காலம் அன்று முடியவில்லை, ஐரோப்பிய மருந்துச் சட்டமே பிரிட்டனிலும் நடப்பில் இருந்தது. அவசர அனுமதி தர உறுப்பு நாடுகளுக்கு அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. இதை அதே நாளில் சொன்னவர் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவர் ஜூன் ரெய்ன். பிரெக்ஸிட் இந்தத் துறைக்கு உண்மையில் செய்தது வேறு: சுமார் 900 பேர் வேலை பார்த்த ஐரோப்பிய மருந்து முகமை, 2019-இல் லண்டனைக் காலி செய்துவிட்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது.

நீல நிறப் பாஸ்போர்ட் மீண்டு வந்த பெருமைக்கு ஒரு வரி போதும்: குரோஷியா ஒன்றியத்துக்குள் இருந்துகொண்டே நீலப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறது, பிரிட்டனின் புது நீலப் பாஸ்போர்ட் அச்சானது போலந்தில்.

அடுத்தது ஒப்பந்தங்கள். கூட்டணிச் சுமை இல்லாவிட்டால் உலகமே வரிசையில் நின்று கையெழுத்துப் போடும் என்றார்கள். ஐரோப்பாவுடனான ஒப்பந்தம் மனித வரலாற்றிலேயே மிக எளிதானவற்றில் ஒன்றாக இருக்கும் என்று 2017-இல் சொன்னவர் வர்த்தக அமைச்சர் லியாம் ஃபாக்ஸ். அது முடிந்தது 2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மாறுதல் காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது. பிறகு ‘புதியவை’ என்று காட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை, ஒன்றியத்தில் இருந்தபோதே அனுபவித்த ஒப்பந்தங்களின் மறுபதிப்பு. நிஜமாகவே புதிதாக முதலில் போட்டது ஆஸ்திரேலியாவுடன். நீண்ட காலத்தில் அதனால் மொத்த உற்பத்தி 0.08 சதவீதம் கூடும் என்று அரசே கணக்குச் சொன்னது. அது அவ்வளவு நல்ல ஒப்பந்தம் இல்லை என்று 2022 நவம்பரில் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார், அந்த ஒப்பந்தம் போடப்பட்டபோது வேளாண் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸ். இன்னொரு தட்டில், ஒன்றியத்தில் இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்ற பிரிட்டன் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு இருக்கிறது. தராசை வாசகரே பிடித்துப் பார்க்கலாம். ஒரு நியாயத்தை மறைக்க வேண்டாம்: 2025-இல் டிரம்ப் வரி போட்டபோது பிரிட்டனுக்கு 10 சதவீதமும் ஒன்றியத்துக்கு 15 சதவீதமும் விழுந்தன.

ஐரோப்பிய ஒப்பந்தத்தின்படி சுங்கம் சுழியம், அதனால் தடையே இல்லை என்று நினைப்பவர்கள் பெர்ஸி பிக்கைக் கேட்க வேண்டும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் விற்கும் பன்றி முக மிட்டாய் அது. ஜெர்மனியில் தயாராகி, பிரிட்டன் வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போகும். ஐரோப்பாவில் பிறந்த மிட்டாய் ஐரோப்பாவுக்குத் திரும்பும்போது வரி கட்ட நேரலாம் என்று 2021 ஜனவரியில் அந்த நிறுவனமே புலம்பியது. காரணம் ‘பிறப்பிட விதி’. சுழிய வரி என்பது பிரிட்டனில் உருவான பொருளுக்குத்தான். அங்கே வந்து இளைப்பாறிவிட்டுப் போகும் பொருளுக்கு இல்லை. அதே மாதம் நெதர்லாந்துத் துறைமுகத்தில் லாரி டிரைவர்களின் ஹாம் சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரிகள் பிடுங்கிய காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. வெளிநாட்டு இறைச்சிக்குள்ள விதி, சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் பொருந்தும். இந்த உணவுச் சோதனைகளிலிருந்து விடுபடத்தான், 2025 மே 19 உச்சி மாநாட்டில், ஐரோப்பிய உணவு விதிகள் மாற மாறத் தானும் பின்தொடரும் ஏற்பாட்டுக்குப் பிரிட்டன் இணங்கியது. அந்த விதிகளை எழுதும் மேசையில் அதற்கு ஓட்டு இல்லை.

இதில் திருப்பூருக்கு என்ன? நிறையவே இருக்கிறது. பிரிட்டன் கிடங்கில் இறக்கிய நம் பனியனை அங்கிருந்து டப்ளின் கடைக்கு அனுப்பினால், பெர்ஸி பிக்குக்கு நேர்ந்ததுதான் அதற்கும். 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தம், ஆடைகள் மீதான 12 சதவீதம் வரையிலான வரியைச் சுழியமாக்குகிறது. பங்களாதேஷ் வரியில்லாமல் விற்கும் சந்தையில் இது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சலுகையும் பிறப்பிட விதியை நிரூபிப்பவருக்கே. நூல் எங்கே வாங்கியது, துணி எங்கே நிட்டிங் ஆனது, சாயம் எங்கே ஏறியது என்று ஒவ்வொன்றுக்கும் பில் வேண்டும். ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட்டுகள் துண்டுச்சீட்டில் கணக்கு வைத்திருக்கும் ஊர் அது.

அவர்களுக்கு ஒப்பந்தத்தின் ஆங்கில மூலத்தை நீட்டுவதில் அர்த்தமில்லை. பிறப்பிட விதியையும் ரசாயன வரம்புகளையும் அறுபது பக்கத் தமிழ்க் கையேடாகப் போட்டு, நூல் கடையிலும் சாயப்பட்டறையிலும் கிடைக்கச் செய்வது ஏற்றுமதிச் சங்கங்களின் வேலை. மானியம் கேட்டு டெல்லிக்குப் போகும் செலவில் பாதி கூட ஆகாது. சாயம் பற்றிய அத்தியாயத்தில் 30 மில்லிகிராம் என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடலாம். லண்டனுக்கும் டப்ளினுக்கும் தனித்தனியாக அச்சடிக்க வேண்டியதில்லை.